தோட்டத்து மண்டபத்தில் பொருளியல் கார்ட்டூன் காட்டுவது எப்படி

பணவீக்கம், உற்பத்தித்திறன், மூலதனம், வரி. பிள்ளைகள் வரைவிலக்கணமாக மனனம் செய்யும் இந்த விடயங்களை ஏழெட்டு நிமிடத்தில் ஓடவிட்டுக் காட்டும் கார்ட்டூன்கள் 1930களிலிருந்தே இருக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பாடசாலையிலோ தோட்டத்து மண்டபத்திலோ இவற்றைக் காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இளைஞர் கழகத்தாருக்கும் வேண்டிய விவரங்கள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களில் பல, யாரோ ஒருவர் காசு கொடுத்து ஒரு கருத்தை மக்கள் மனதில் ஏற்றுவதற்காக எடுத்தவை. நாட்கூலிக்கு வேலை செய்யும் சனத்துக்கு முன்னால் அவற்றைப் போடுகிறவர், படம் சொல்லும் பொருளியலையும் அது சொல்லாமல் விடுவதையும் சேர்த்துக் காட்டக் கடமைப்பட்டவர். கீழே வரும் முறைகள் எல்லாம் அதற்காகத்தான்.

எந்தப் படம், யார் காசு

போர்க்காலத்தில் அமெரிக்கத் திறைசேரி டிஸ்னியைக் கொண்டு இரண்டு படம் எடுத்தது. 1942இல் வந்த 'த நியூ ஸ்பிரிட்'டில் டொனால்ட் டக் வருமான வரிப் படிவம் நிரப்புகிறது. அடுத்த ஆண்டு வந்த 'த ஸ்பிரிட் ஒஃப் 43'இல் சம்பளக் காசோடு வரும் டொனால்டைச் சிக்கனக்காரர் ஒருவர் ஒரு பக்கமும் ஊதாரி ஒருவர் மறுபக்கமும் இழுக்கிறார்கள். வரி கட்டு, அது போருக்குப் போகும் என்பதே இரண்டின் செய்தியும்.

போர் முடிந்தபின் ஜோன் சதர்லாந்து என்பவரின் நிறுவனம் ஒரு வரிசையே எடுத்தது. சதர்லாந்து முன்பு டிஸ்னியில் வேலை பார்த்தவர். அதனால் சித்திரம் நேர்த்தியாக இருக்கும். அர்கன்சாஸ் மாநிலத்திலுள்ள ஹார்டிங் கல்லூரிக்காக எடுக்கப்பட்டவை இவை; பணம் ஸ்லோன் அறக்கட்டளையுடையது. ஸ்லோன் என்பவர் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவராக இருந்தவர். 'மேக் மைன் ஃப்ரீடம்' (1948), 'கோயிங் பிளேசஸ்' (1948), 'மீட் கிங் ஜோ' (1949), 'வை பிளே லீப் ஃப்ரொக்' (1949) ஆகியவை இந்த வரிசையில் வருபவை. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். அதே நிறுவனம் 1956இல் எண்ணெய்க் கம்பனிகளின் சங்கத்துக்காக 'டெஸ்டினேஷன் எர்த்' எடுத்தது. செவ்வாய்க் கிரகத்துச் சர்வாதிகாரி ஒருவன் வழியாகப் போட்டிச் சந்தையையும் பெற்றோலையும் புகழும் படம்.

அதே ஸ்லோன் பணத்தில் வோர்னர் பிரதர்ஸும் மூன்று படம் செய்தது. 'பை வேர்ட் ஒஃப் மவுஸ்' (1954), 'எயர் கொண்டிஷன்ட்' (1955), 'யாங்கி டூட் இட்' (1956). மூன்றையும் இயக்கியவர் ஃபிரிட்ஸ் ஃபிரீலெங். பூனையின் சேட்டை நடந்துகொண்டே இருக்கும், இடையில் பெரும்படி உற்பத்தி, முதலீடு என்று பாடமும் நடக்கும். சிறு பிள்ளைகள் பாடத்தை மறந்து பூனையையே பார்ப்பார்கள். அதனால் இவை தரம் 8க்கு மேல்தான் பயன்படும்.

காசு கொடுத்தவரின் பிரசாரம் குறைந்தவையும் உண்டு. 1934இல் டிஸ்னி எடுத்த வெட்டுக்கிளி - எறும்புக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் போடுங்கள். மொழி தெரியாமலே விளங்கும். அதில் கவனிக்க வேண்டிய இடம் முடிவு. குளிரில் விறைத்து வரும் வெட்டுக்கிளியிடம், இங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்கிறாள் எறும்பு ராணி. சொல்லிவிட்டுப் பிடில் வாசிக்கச் சொல்கிறாள். தப்படிக்கிறவரின் வேலையும் வேலைதானா, அதற்குக் கூலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், எட்டு வயதுப் பிள்ளையும் வாயைத் திறக்கும். 1967இன் 'ஸ்க்ரூஜ் மெக்டக் அண்ட் மணி' பணத்தின் வரலாறு, பணவீக்கம், வரவு செலவுத் திட்டம், முதலீடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தமிழில் சொல்லிக் காட்டுவதற்கு அது மிக நெருக்கமான படம். நான்கு துண்டாக நறுக்கி நான்கு நாள் போடுங்கள். 'டக் டேல்ஸ்' தொடரில் போத்தல் மூடியே நாணயமாகிவிடும் கதை ஒன்றும், காசு தானாகப் பெருகி ஊரே திண்டாடும் கதை ஒன்றும் வருகின்றன. பணவீக்கத்துக்கு அவற்றைவிட நல்லதை நாம் பார்க்கவில்லை.

திறைசேரிப் படங்களும் சதர்லாந்து படங்களில் பெரும்பகுதியும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இருக்கின்றன, இறக்கிக்கொள்ளலாம். டிஸ்னியின் சொந்தப் படங்களும் வோர்னர் படங்களும் இன்னும் உரிமையுள்ளவை. வகுப்பறைக்குள் பாடத்துக்காகத் துண்டு காட்டுவது ஒன்று, டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்டுவது வேறு. காசு வாங்கும் நிகழ்ச்சிக்கு இந்தப் பின்னவற்றைத் தொடவே வேண்டாம்.

எந்தப் படத்தையும் முழுதாக ஒருமுறை பார்க்காமல் போடாதீர்கள். அக்காலத்து அமெரிக்கப் படங்களில் பிற இனத்தவரையும் பிற நாட்டுத் தொழிலாளரையும் கேலியாக வரைந்திருப்பது சாதாரணம். நம் பாட்டன் பூட்டனை எந்தச் சொல்லால் அழைத்தார்களோ அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான உருவம் திரையில் வந்தால் மண்டபத்தில் முகங்கள் மாறும். அப்படி இடம் இருந்தால் வெட்டுங்கள். அல்லது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

சப்டைட்டிலா, குரலா

பாடசாலை என்றால் சப்டைட்டில் போதும். தோட்டம் என்றால் குரல்தான். வாசிக்கப் பழகாத பாட்டிமார் முன்வரிசையில் இருப்பார்கள். போதாததற்கு, இந்தப் படங்களில் கதை சொல்கிறவர் படுவேகமாகப் பேசுகிறார். அதையெல்லாம் எழுத்தில் போட்டால் எழுத்தைப் பார்ப்பதா படத்தைப் பார்ப்பதா என்று ஆகிவிடும்.

சப்டைட்டில் செய்பவர்களுக்கு: நோட்பேட்டில் எழுதிச் சேமிக்கும்போது யூ.டி.எஃப். 8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைப் போட்டால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வரும், ஏனென்றால் பாமினி யூனிகோட் அல்ல. யூனிகோட் மாற்றி ஒன்றால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். வீடியோவின் பெயரும் சப்டைட்டில் கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் வீ.எல்.சி. (வீடியோ ஓட்டும் மென்பொருள்) தானே எடுத்துக்கொள்ளும். கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் வீ.எல்.சி. அமைப்பில் சப்டைட்டில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரிக்கு நாலைந்து சொல். குறைந்தது மூன்று விநாடி நிற்கட்டும்.

குரலுக்கு இரண்டு பேர் வேண்டும். கதை சொல்ல ஒருவர், பாத்திரங்களுக்கு ஒருவர். காமன் கூத்தில் பாடிப் பழகியவர் ஊரில் இருப்பார், அவரைப் பிடியுங்கள். கூட்டத்தின் நாடி பார்த்து நீட்டவும் குறுக்கவும் அவருக்குத் தெரியும். ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: நேரம், திரையில் தெரிவது, நாம் சொல்வது. பத்து நிமிடப் படத்துக்கு 500 சொல்லுக்கு மேல் எழுதினால் மூச்சு வாங்கும். படத்தின் ஒலியை முழுதாக அணைத்துவிடாதீர்கள். இசையும் விழுந்தெழும் சத்தமும்தான் சிரிப்பு. வீ.எல்.சி.யில் ஒலியை 30 அளவுக்குக் குறைத்து, மேலே பேசுங்கள்.

ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். 'லீப் ஃப்ரொக்'கில் ஜோ என்பவன் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் செய்யும் அதே பொம்மையின் விலை ஏறிக்கிடக்கிறது. அந்த இடத்துக்கு இப்படி எழுதலாம்:

"என்னாங்க முதலாளி, போன மாசம் இந்த வெல இல்லையே?"

"நான் என்னா செய்ய தம்பி? பொம்ம செய்றவங்களுக்குச் சம்பளம் கூடிருச்சாம். வெலயும் கூடத்தான செய்யும்."

"அடப்பாவமே, அந்தப் பொம்மய செய்றதே நாந்தானே!"

இவ்வளவுதான். கூலியும் விலையும் ஒன்றையொன்று தாண்டிக் குதிப்பது கூட்டத்துக்கு விளங்கிவிடும்.

மண்டபம், மழை, மின்சாரம்

மாதத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தகரக் கூரைக்கு அடியில் ஒரு வசனமும் கேட்காது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். இரண்டு பக்கத்துக்கும் அந்தந்த மாதங்கள்தான் தேயிலைத் தரம் உயரும் பருவமும். கொழுந்து குறைவு என்பதால் ஆட்களும் நேரத்தோடு வீடு வந்துவிடுவார்கள்.

நேரம் ஞாயிறு பிற்பகல் வைப்பது உத்தமம். இரவில் போட்டால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் சம்பளக் கணக்குப் பேசிப் பயனில்லை. சிறுத்தை நடமாட்டமுள்ள டிவிசன்களில் இருட்டியபின் பிள்ளைகளை மலைப்பாதையில் அனுப்பவும் கூடாது. பகலில் ஜன்னலை அடைக்கக் கறுத்தப் பொலித்தீன் வேண்டும், நடுவில் வெளிச்சம் கசியும் கதவு ஒன்றை மறந்துவிடுவார்கள், அதையும் அடையுங்கள்.

3,000 லூமன் புரொஜெக்டர் ஒன்று, லெப்டொப், 50 வோட் ஸ்பீக்கர் இரண்டு, மைக் இரண்டு. சாதாரணப் புரொஜெக்டரை 3 மீற்றர் தள்ளி வைத்தால் 2 மீற்றர் அகலப் படம் கிடைக்கும். நூறு பேருக்கு அது போதும். திரையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். பாயில் உட்காரும் சனத்துக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. வெள்ளைச் சுவர் கிடைத்தால் துணி வேண்டாம். துணிதான் என்றால் தேய்த்த ஒற்றை விரிப்பு, கீழ் ஓரத்தில் மூங்கில் கழி கட்டிக் கனம் கொடுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்காமல் மண்டபத்தின் பாதித் தூரத்தில் இரு பக்கமும் வைத்தால் பின்வரிசைக்கும் கேட்கும்.

பழைய படங்கள் நாலுக்கு மூன்று அளவில் இருக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது சரிதான். அதை நிரப்பப் போய் இழுத்தால் டொனால்ட் டக் பூசணிக்காய் ஆகிவிடும். வீ.எல்.சி.யில் கைதவறி ஏ எழுத்தை அழுத்தினால் இந்த அளவு மாறிவிடும். திரும்பத் திரும்ப அதையே அழுத்தினால் பழைய அளவுக்கு வரும்.

குளிரில் கொண்டுவந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் வைத்தவுடன் லென்ஸில் பனி படியும். துடைக்காதீர்கள். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளேயே வைத்திருங்கள், பிறகு எடுங்கள். மின்சாரம் போனால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், பல்ப் ஆறியபின்தான் மறுபடி போட வேண்டும். சூட்டோடு போட்டால் பல்ப் போய்விடும். வீட்டுப் பாவனைச் சின்ன யூ.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும், அணைத்து வைக்க உதவுமே தவிரப் படம் ஓட்ட உதவாது. மின்சாரம் இல்லாத இடைவெளியில் செய்ய ஒரு விளையாட்டைக் கையில் வைத்திருங்கள். கீழே சொல்லும் மூடி ஏலம் அதற்கு நல்லது.

படத்தை இணையத்திலிருந்து நேரே ஓட்ட நினைக்காதீர்கள். பென்டிரைவில் ஒன்று, லெப்டொப்பில் ஒன்று என்று இரண்டு பிரதி வேண்டும். நிறுத்த வேண்டிய இடங்களின் நேரத்தைத் தாளில் குறித்துவையுங்கள். வீ.எல்.சி.யில் கன்ட்ரோலும் டீயும் சேர்த்து அழுத்தினால் எந்த நேரத்துக்கும் தாவலாம்.

ஒரு நாளைக்கு ஒரு படம். ஓட்டம் 10 நிமிடம், பேச்சும் பயிற்சியும் 50 நிமிடம். மூன்று படத்தை அடுத்தடுத்துப் போட்டால் கூட்டம் நிற்கும், பொருளியல் நிற்காது.

கூலியும் உற்பத்தித்திறனும்: இரண்டு படத்தைச் சேர்த்துப் போடுங்கள்

'ஒரு நாளைக்கு ஒரு படம்' என்பதற்கு ஒரே விலக்கு இது. 'லீப் ஃப்ரொக்'கையும் 'கிங் ஜோ'வையும் ஒரே அமர்வில் போட வேண்டும். தனித்தனியே போட்டால் நம் மக்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

முதல் படத்தின் வாதம் இது: கூலி கூடினால் விலையும் கூடும், ஆகவே வெறும் கூலி உயர்வால் பலன் இல்லை, ஆளொருவர் செய்யும் உற்பத்தி கூடினால்தான் உண்மைக் கூலி கூடும். தோட்டத்தில் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கேட்கும் வாதம்தான் இது. 'கிலோ கூடட்டும், காசு கூடும்.' படத்தை இங்கே நிறுத்தி, அது சரிதானா என்று கேளுங்கள். யாரும் அவசரப்பட்டு பதில் சொல்ல விடாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்.

பலகையில் நான்கு நிரல்: ஆண்டு, நாட்கூலி, கோதுமை மா ஒரு கிலோ விலை, ஒரு நாட்கூலிக்கு எத்தனை கிலோ மா. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆனது. மாவின் விலையை நீங்கள் எழுதிக்கொண்டு போகாதீர்கள், கூட்டத்திடம் கேளுங்கள். ரொட்டி சுடுகிற அம்மாக்களுக்கு ஒவ்வொரு ஏற்றமும் ஞாபகம் இருக்கும், ஆளுக்கொரு விலை சொல்வார்கள். இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொண்டதை எழுதுங்கள். உதாரணத்துக்கு, கூலி 1,000, மா 100 ரூபாய் என்றால் 10 கிலோ. கூலி 1,350, மா 180 என்றால் ஏழரைக் கிலோ. காசு கூடி, மா குறைந்திருக்கிறது. உண்மைக் கூலி என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, சிலர் வேலை நாளைக் கலப்பது: 'எங்களுக்கு மாசம் 18 நாள்தானே பேர்.' (பேர் என்றால் பதிவான ஒரு நாள் வேலை.) அது வேறு கணக்கு, அதற்கு ஐந்தாவது நிரல் போடுங்கள், ஆனால் தட்டிக்கழிக்காதீர்கள். வேலை நாள் குறைந்தால் மாத வருமானமும் குறைகிறது, அவர்கள் சொல்வது நியாயம்.

இப்போது 'கிங் ஜோ'வைப் போடுங்கள். அமெரிக்கத் தொழிலாளி ஏன் அதிகம் உற்பத்தி செய்கிறான் என்று அந்தப் படம் கேட்கிறது. அவன் பெரிய பலசாலி என்பதால் அல்ல. அவன் கையில் நல்ல இயந்திரம் இருக்கிறது, அதற்கு முதலீடு போட்டவர் இருக்கிறார் என்பது பதில். இதே படத்தின் இந்த வரியை எடுத்து முதல் படத்தின் மேல் வையுங்கள். ஒரே அம்மா, ஒரே நேரம், ஒரே கை: பழைய விதைத் தேயிலை மலையில் 14 கிலோ, வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த செடியைப் புதிதாக நட்ட வீ.பி. மலையில் 22 கிலோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோம், அதாவது ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்றால் ஒரு மலையில் அரைப்பேர் (அரைநாள் கூலி), மற்றதில் முழுப்பேரும் மேல் கிலோவும். எட்டுக் கிலோ வித்தியாசம் எங்கிருந்து வந்தது? செடியிலிருந்து, உரத்திலிருந்து, மீள்நடுகையிலிருந்து. அவையெல்லாம் மூலதனம். மூலதனம் போட வேண்டியது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மண்டபம் பேசும். தோட்டத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் வைக்க வேண்டும்: தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கிறது, விலையைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை, 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 21, 22 கிலோ தூள்தான் கிடைக்கிறது, புதிதாக நட்ட செடி பலன் தரச் சில ஆண்டு ஆகும், அதுவரை காசு முடங்கும். இரண்டு பக்கமும் பலகையில் ஏறியபின், 'லீப் ஃப்ரொக்'கின் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அதை முதலிலேயே சொன்னால் கூட்டம் படத்தை நம்பாமல் உட்கார்ந்திருக்கும், கணக்கும் ஏறாது.

மூடி ஏலம்

போத்தல் மூடிக் கதையைப் போட்டபின் செய்யும் விளையாட்டு. 12 பேர், சிறிய பிஸ்கட் பக்கட் 18, சோடா மூடி 500. மூடிகளில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். வைக்காவிட்டால் பையன்கள் வெளியே ஓடிக் கடைவாசலில் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். (வந்தால் ஏசாதீர்கள்; கள்ளநோட்டு என்றால் என்ன என்று அதையே பாடமாக்கலாம்.)

முதல் சுற்று: ஆளுக்கு 10 மூடி, ஏலத்துக்கு 6 பக்கட். ஒவ்வொன்றாக ஏலம் விட்டு விலையை எழுதுங்கள். பிறகு எல்லா மூடியையும் திரும்ப வாங்குங்கள். இரண்டாம் சுற்று: ஆளுக்கு 40 மூடி, அதே 6 பக்கட். விலை எகிறும். மூன்றாம் சுற்று: 40 மூடிதான், ஆனால் 18 பக்கட். விலை இறங்கும். பக்கட்டைக் கையில் கொடுக்காமல் வாங்கியவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டால் அதே பக்கட் மூன்று சுற்றுக்கும் போதும். முடிந்ததும் எல்லாருக்கும் பிரித்துக் கொடுங்கள், அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இரண்டு இடத்தில் இது கெடும். சுற்று முடிந்தால் மிச்ச மூடிக்கு மதிப்பில்லை என்று முதலிலேயே சொல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூடியைச் சேமிப்பார்கள், விலை ஏறாது. முதல் சுற்று மூடியை வாங்காமல் விட்டால் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது குழம்பி, விலை ஏறியதற்கான காரணம் தெளிவாகாது.

இதை 2022ஓடு பொருத்துவது அவசியம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஒரு வருடத்தில் 1,698 ரூபாய். மாற்றிச் சொன்னால், கையிலிருந்த ஆயிரம் முன்பு 589 ரூபாய் செய்த வேலையைத்தான் செய்தது. தோட்டத்து வீட்டில் செலவில் பெரும்பங்கு சாப்பாடு என்பதால் இரண்டாவது எண்தான் நம்மைச் சுட்டது. மூடி பெருகியது மட்டும் காரணமல்ல என்பதையும் காட்டுங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். அந்த ஆண்டு ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி அளவுக்கு இறங்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மூடி கூடிய அதே நேரத்தில் பக்கட்டும் குறைந்தது.

டொனால்டின் சம்பள நாள், நம் சம்பளச் சிட்டை

'ஸ்பிரிட் ஒஃப் 43'க்குப் பிறகு ஒரு சம்பளச் சிட்டையை எல்லாரும் பார்க்கப் பலகையில் எழுதுங்கள். உண்மையான ஒருவருடைய சிட்டையைக் காட்டாதீர்கள். கடன் கழிவுகள் ஊருக்குத் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு 2024இல் வந்த 1,350 ரூபாய் நாட்கூலியை எடுத்தால், 25 நாளுக்கு 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடமிருந்து 8 சதவீதம், 2,700. தோட்டம் போட வேண்டியது 12 சதவீதம், 4,050. இரண்டும் சேர்ந்து மாதம் 6,750 நம் பேரில் ஏற வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் தனியாக 3 சதவீதம், 1,012 ரூபாய் 50 சதம் கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பெரும்பாலானோர் தங்களிடம் கழிக்கும் 8 சதவீதத்தை மட்டும்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வரி பற்றி ஒரு சொல். டொனால்ட் கட்டுவது வருமான வரி. 'நாங்க வரி கட்டறதில்லையே' என்பார்கள். கட்டுகிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அது உள்ள சாமானுக்கு 118 ரூபாய் கொடுத்தால் அதில் 18 ரூபாய் வரி.

வோர்னர் படங்கள் இரண்டைச் சுருக்கமாக

பெரும்படி உற்பத்தி பற்றிய 'யாங்கி டூட் இட்'டுக்குக் காகித உறை செய்யும் போட்டி வையுங்கள். ஐவர் கொண்ட இரண்டு குழு, பத்து நிமிடம். ஒரு குழுவில் ஒவ்வொருவரும் முழு உறையைச் செய்ய வேண்டும். மற்றதில் வெட்ட ஒருவர், மடிக்க ஒருவர், பசை பூச ஒருவர் என்று வரிசை. முதல் ஐந்து நிமிடம் வரிசைக் குழு தோற்கும், ஏனென்றால் பசை பூசுமிடத்தில் குவிந்துவிடும். அங்கே ஒருவரைக் கூட்டிப் போட்டால் முந்தும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், வாட்டும் தட்டில் இடம் நிறைந்தால் உருட்டும் இயந்திரம் சும்மா நிற்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.

'எயர் கொண்டிஷன்ட்'டில் சில்வெஸ்டர் பூனைக்குச் சொத்து வருகிறது, முதலீடு செய்யச் சொல்லி எல்மர் ஃபட் புத்தி சொல்கிறான். பங்குச் சந்தை நம் கூட்டத்துக்குத் தூரம். சீட்டு, நகை, அடகு, கடன் என்று பேசுங்கள். பத்துப் பேர் 5,000 வீதம் போடும் குலுக்குச் சீட்டில் முதல் மாதம் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் சேமிக்கிறார் என்பதைப் பலகையில் போட்டால் பலருக்கு அது புதிது.

கையெழுத்துக்கு முன்

'மேக் மைன் ஃப்ரீடம்' எங்கள் கருத்தில் இந்த வரிசையிலேயே மிகவும் பிரசாரம் கூடிய படம், ஆனால் பயனும் கூடியது. டொக்டர் யூட்டோப்பியா என்பவன் சர்வரோக நிவாரணி என்று ஒரு போத்தலை நீட்டுகிறான். விவசாயி, தொழிலாளி, முதலாளி, அரசியல்வாதி நால்வரும் ஆசைப்படுகிறார்கள். பதிலுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறுக்கே வந்து, கையெழுத்துக்கு முதல் கொஞ்சம் குடித்துப் பாருங்கள் என்கிறார்.

படம் வந்தது 1948இல். அமெரிக்கக் குடிமகனின் உரிமைகளை அது அவ்வளவு பெருமையாக அடுக்கும் அதே ஆண்டில்தான் இங்கே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. மண்டபத்தில் வயதானவர்கள் இருந்தால் இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் போடாதீர்கள். அவர்களைப் பேச விடுங்கள், அன்றைக்கு வேறு பயிற்சி நடக்காவிட்டாலும் பரவாயில்லை.

நடந்தால், கையெழுத்துக் காட்சியில் நிறுத்தி ஒரு கடன் தாளை விரியுங்கள். 50,000 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம் 'நிலையான வட்டி', 12 மாதம். வட்டி 12,000, மாதம் 5,167 ரூபாய் கட்ட வேண்டும். 24 சதவீதம் என்று கேட்டதும் சுமாராகத் தோன்றும். ஆனால் மாதாமாதம் கடன் தொகையில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது; ஆறு மாதத்தில் கையில் பாதிக் காசுதான் இருக்கிறது, வட்டியோ முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 40 சதவீதத்தைத் தாண்டும். இதைக் காட்ட 50 கடலை விதையை மேசையில் வைத்து மாதம் நான்கு வீதம் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு முறையும் வட்டியாக ஒரு விதையைத் தனியே போடுங்கள். பன்னிரண்டாம் மாதம் மேசையில் மீதி ஆறு விதையே இருக்கும்போதும் அதே ஒரு விதை வட்டி போவதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

கடன் தாளில் தேடவேண்டியவை: வட்டி நிலையானதா, குறைந்துசெல்லும் மீதிக்கா, மொத்தம் திருப்பிக் கட்டும் தொகை எழுதியிருக்கிறதா, குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமா, தாள் தமிழில் இருக்கிறதா, கையெழுத்துப் போட்டபின் ஒரு பிரதி நம் கைக்கு வருமா. இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து, போகும்போது ஆளுக்கு ஒன்று கொடுத்தனுப்புங்கள்.